‘தமஸ்’ டைட்டில் கார்டுக்குப் பின்னால்: ஒரு நிகழ்வு ஆய்வு

பீஷ்ம சாஹ்னியின் ஹிந்தி நாவலை வைத்து கோவிந்த் நிஹலானி இயக்கி, 1988 ஜனவரியில் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் வந்த ‘தமஸ்’ சுமார் 5 மணி நேரம் ஓடும் டெலிஃபிலிம். முதலில் பகுதி பகுதியாக வந்தது. பிறகு 4 மணி நேரப் படமாகச் சேர்த்தும் காட்டினார்கள். 1947-ல், பிரிவினைக்குச் சற்று முன், பஞ்சாபின் ஒரு சிறுநகரம். தோல் பதனிடும் நாத்துவிடம் ஒரு ஒப்பந்தக்காரர் பணத்தைத் திணித்து, ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறார். மறுநாள் காலை அந்தப் பன்றி மசூதி வாசலில் கிடக்கிறது. அங்கிருந்து ஊரே எரிகிறது.

படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கதையையும், அதைத் தடை செய்யக் கேட்டு வந்த வழக்கையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இந்த ஆய்வு பார்ப்பது வேறொன்றை. இந்தக் குழு எங்கிருந்து வந்தது? இவர்கள் இதற்கு முன் என்ன வேலை செய்தார்கள், யாரோடு செய்தார்கள், அந்தப் பழக்கம் திரையில் எங்கே தெரிகிறது? பெங்களூரில் தமிழ்க் குறும்படமும் வெப் சீரிஸும் எடுக்கிற இளைஞர்கள் ஆள் சேர்க்கும்போது ஷோரீலை (பழைய வேலைகளின் தொகுப்பு வீடியோவை) மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது போதாது என்பதற்கு ‘தமஸ்’ நல்ல சாட்சி.

முதலில் கவனிக்க வேண்டியது, முக்கியப் பொறுப்புகளில் இருந்த யாரும் தொலைக்காட்சியில் வளர்ந்தவர் அல்ல என்பது. சினிமா கேமரா, விளம்பரப் படம், மேடை நாடகம், கல்லூரி வகுப்பறை ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். அதைவிட முக்கியம், இவர்களில் பலர் ஏற்கெனவே ஒருவரோடு ஒருவர் 10, 15 ஆண்டுகள் வேலை செய்திருந்தார்கள். 5 மணி நேரப் படம் எங்கேயும் குலையாமல் நிற்பதற்கு அந்தப் பழைய உறவுகளே முதல் காரணம் என்பது எங்கள் முடிவு.

கே.ஆர். சர்க்கிளில் தொடங்கும் கேமரா

பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக் கட்டடம் தெரியாமல் இருக்காது. எஸ்.ஜே.பி. என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். சினிமா என்றாலே நமக்கு அடையாறு திரைப்படக் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த பாலிடெக்னிக்கிலும் மற்றத் தொழில் டிப்ளமோக்களோடு ஒளிப்பதிவு டிப்ளமோ இருந்தது. பின்னாளில் அந்தப் படிப்பு ஹெசரகட்டாவுக்கு மாறியது.

மைசூரில் 1923-ல் பிறந்த ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி 1946-ல் இங்கே டிப்ளமோ முடித்தார். 16 ஆண்டுகள் கழித்து, 1962-ல், கோவிந்த் நிஹலானி அதே டிப்ளமோவை முடித்தார். நிஹலானி 1940-ல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினையின்போது குடும்பம் உதய்ப்பூருக்குப் பெயர்ந்தது. அதாவது ‘தமஸ்’ சொல்லும் கதையின் விளைவை சிறு வயதிலேயே அனுபவித்தவர். பெங்களூரில் படிப்பை முடித்ததும் பம்பாய் போய் மூர்த்தியிடமே உதவியாளராகச் சேர்ந்தார்.

மூர்த்தி அப்போது ஹிந்தி இயக்குநர் குரு தத்தின் படங்களை ஒளிப்பதிவு செய்து பெயர் வாங்கியிருந்தார். ‘காகஸ் கே ஃபூல்’ (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். அதில் இருண்ட ஸ்டூடியோவுக்குள் சாய்வாக இறங்கும் ஒளிக்கற்றையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு அவர் விளக்கு போடவில்லை. வெளியே ஒரு பெரிய கண்ணாடி வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்ப, உள்ளே உயரத்தில் இருந்த இன்னொரு கண்ணாடி அதைத் தளத்துக்குத் திருப்பியது. சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பியாக வேண்டும், இல்லையென்றால் கற்றை நடிகரை விட்டு விலகிவிடும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய், மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் அந்தப் பள்ளியின் பாடம்.

நிஹலானி தனியாகக் கேமரா பிடிக்கத் தொடங்கியதும் சத்யதேவ் துபேயின் ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ (1971), கிரீஷ் கர்னாடின் கன்னடப் படம் ‘காடு’ (1973), பிறகு இயக்குநர் ஷியாம் பெனகலின் ‘அங்குர்’, ‘நிஷாந்த்’, ‘மந்தன்’, ‘பூமிகா’, ‘ஜுனூன்’, ‘கல்யுக்’ என்று வரிசையாக வேலை செய்தார். ‘ஜுனூன்’ ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1980-ல் ‘ஆக்ரோஷ்’ மூலம் இயக்குநர் ஆனார். அதன் பிறகும், அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் இரண்டாம் யூனிட் பொறுப்பை ஏற்றார். அந்த வேலைக்காக டெல்லியில் இருந்தபோதுதான் ஸ்ரீராம் சென்டர் புத்தகக்கடையில் ‘தமஸ்’ நாவல் அவர் கையில் கிடைத்தது.

கேமராமேன் இயக்குநராவது தமிழில் புதிதல்ல. பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்த ஜீவாவும் கே.வி. ஆனந்தும் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் ‘தமஸ்’ டைட்டிலில் நடந்தது அபூர்வம். விருது வாங்கிய ஒரு கேமராமேன் இயக்குகிறார், ஒளிப்பதிவில் அவருடைய குருவின் பெயர் வருகிறது. 60 வயதைத் தாண்டிய மூர்த்தி, தன் பழைய உதவியாளருக்காக வேலை செய்தார். ஒரே பள்ளியில் படித்த இருவருக்கிடையே செட்டில் விளக்கம் அதிகம் தேவைப்படாது. கீ லைட் (முதன்மை விளக்கு) எங்கே என்ற வாதத்தில் நேரம் போகாது. ஒளிப்பதிவு தெரிந்த இயக்குநர் கேமராமேனின் வேலையில் ஓயாமல் தலையிட்டு யூனிட்டையே தடுமாற வைப்பது நாம் எல்லோரும் பார்த்த நோய். இங்கே அதற்கு மருந்தாக இருந்தது குரு என்ற மரியாதை.

இது திரையில் எங்கே தெரிகிறது? படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். நாவலின் முதல் வரியிலேயே மாடத்தில் ஓர் அகல்விளக்கு எரிகிறது. சன்னமான வெளிச்சத்தில், மூடிய குடிசைக்குள், நாத்து பன்றியோடு போராடுகிறான். சினிமா தியேட்டருக்கு இதை எடுப்பது ஒன்று, அன்றைய டிவிக்கு எடுப்பது வேறு. பிக்சர் டியூப் டிவி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே சுமார் 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) வித்தியாசத்தைத்தான் தாங்கும். அதற்கும் கீழே போனால் எல்லாம் ஒரே கருப்புச் சேறு. போதாக்குறைக்குப் பார்ப்பவர் வீட்டில் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். தேசிய ஒளிபரப்பு 1982-லேயே கலருக்கு மாறியிருந்தாலும், 1988-ல் ஏராளமான வீடுகளில் இன்னும் கருப்பு வெள்ளைப் பெட்டிதான்.

இங்கே பலர் செய்யும் தவறு, இருட்டு தெரியாது என்று பயந்து முன்பக்கத்திலிருந்து ஃபில் லைட்டை (நிழலை நிரப்பும் விளக்கை) ஏற்றிவிடுவது. முகம் தெரியும், இரவு செத்துப்போகும். கருப்பு வெள்ளையில் வளர்ந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். முகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே நிறத்தை நம்பாமல் தொனியைப் பிரிப்பார். சுவரில் ஒரு மங்கலான திட்டு, அதற்கு எதிரே தோளின் விளிம்பு, அவ்வளவு போதும். அப்படி எடுத்த ஷாட் கலர் டிவியிலும் நிற்கும், கருப்பு வெள்ளைப் பெட்டியிலும் நிற்கும். மூர்த்தியின் 1950-களின் அனுபவம் 1988-ன் டிவிக்குப் பயன்பட்டது இப்படித்தான் என்று நாங்கள் கருதுகிறோம். அதே காலத்தில் பெனகலின் 53 பகுதித் தொடரான ‘பாரத் ஏக் கோஜ்’ ஒளிப்பதிவும் அவர் கைக்கே போனது தற்செயல் அல்ல.

2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது மூர்த்திக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான்.

விளம்பரத் தொழில் கொடுத்தது

தயாரிப்பாளர்கள் பெயர்களில் லலித் பிஜ்லானியும் ஃப்ரெனி வரியாவாவும் இருக்கிறார்கள். இவர்கள் பிளேஸ் நிறுவனத்தார். தியேட்டர்களில் விளம்பரப் படங்களை ஓட்டும் தொழிலில் வளர்ந்தது அது. 1974-ல் ‘அங்குர்’ எடுக்க யாரும் பணம் போட வராதபோது போட்டவர்கள் இவர்கள்தான். பெனகலே விளம்பரப் படங்கள் எடுத்து வந்தவர். விளம்பரம், புது சினிமா, டெலிஃபிலிம் என்று ஒரே பணமும் ஒரே ஆட்களும் 14 ஆண்டுகளாகச் சுற்றியிருக்கிறார்கள்.

அந்தச் சுற்றில் எங்கள் கவனத்தை அதிகம் இழுப்பவர் இசையமைப்பாளர் வன்ராஜ் பாட்டியா. 1927-ல் பம்பாயில் பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்து, பிறகு பாரிஸில் இசை ஆசிரியர் நாடியா பூலாஞ்சேயிடம் பயின்றார். திரும்பி வந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை கற்பித்தார். அதன் பின் பம்பாயில் ஆயிரக்கணக்கான ஜிங்கிள்கள் (குட்டி விளம்பரப் பாட்டுகள்). ‘அங்குர்’ தான் முதல் முழுநீளப் படம்.

ஜிங்கிள் எழுதுகிறவருக்கு இருக்கும் நேரம் 20 அல்லது 30 விநாடி. முதல் 3 விநாடியில் காதைப் பிடிக்க வேண்டும். அடுத்த அறையில் இருக்கிறவரை டிவி முன்னால் இழுத்து வருவது அந்த 3 விநாடிதான். ‘தமஸ்’ டைட்டிலில் ‘ரப்பா’ என்று கிழித்துக்கொண்டு எழும் குரலைக் கேட்டவர்களுக்கு இது புரியும். மெல்லத் தொடங்கி விரிகிற சிம்பொனிப் படிப்பும் அவரிடம் உண்டு. ஆனாலும் டைட்டிலுக்கு அவர் எடுத்தது ஜிங்கிள் கை. சிம்பொனிக் கை படத்துக்குள்ளே, கலவரம் பரவும் நீண்ட காட்சிகளில் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது படத்தின் அதிர்ஷ்டம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிஹலானி இயக்கிய ‘ஆக்ரோஷ்’, ‘அர்த் சத்யா’ இரண்டுக்கும் இசை அஜித் வர்மன். பாட்டியாவோடு நிஹலானிக்கு இருந்த நீண்ட பழக்கம், கேமராமேனாகப் பெனகல் படங்களில் வேலை செய்த காலத்துப் பழக்கம். இயக்குநரின் இயக்கப் பட்டியலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் இந்த உறவு கண்ணில் படாது. ஒரு ஆள் எல்லாத் துறையிலும் செய்த வேலையை ஒரே வரிசையில் ஆண்டுவாரியாக எழுதினால்தான் ‘அங்குர்’ முதல் ‘கல்யுக்’ வரை ஆறு படங்களில் இருவரும் ஒன்றாக இருந்தது தெரியும்.

டிவிக்கு இசையமைக்கிறவர் கவனிக்க வேண்டிய ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஃபிலிம் ஓடுவது விநாடிக்கு 24 ஃபிரேம். நம் ஊர் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவி ஓடுவது 25. ஃபிலிமில் எடுத்ததை அப்படியே டிவிக்கு மாற்றினால் 4 சதவீதம் வேகமாக ஓடும். 300 நிமிடப் படத்தில் 12 நிமிடம் காணாமல் போகும், சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். தம்புரா சுருதியில் பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரே படத்துக்கு 288 நிமிடம் என்றும் 300 நிமிடம் என்றும் இரண்டு கணக்கு வந்தால் ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டாமல் முதலில் இதைப் பாருங்கள்.

எழுத்தாளரே நடிகர்

பீஷ்ம சாஹ்னி 1915-ல் ராவல்பிண்டியில் பிறந்தவர். நடிகர் பல்ராஜ் சாஹ்னியின் தம்பி. சுதந்திரப் போராட்டத்தில் காங்கிரஸ் தொண்டர். பிரிவினைக்குப் பின் அண்ணனோடு பம்பாயில் இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்) நாடகக் குழுவில் வேலை செய்தார். டெல்லியில் ஆங்கில விரிவுரையாளர். 1950-களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் மாஸ்கோவில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, டால்ஸ்டாய் உட்படப் பலரை ஹிந்திக்குக் கொண்டுவந்தார். 1970-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டியில் கலவரம் நடந்தபோது அங்கே போய்ப் பார்த்தார். எரிந்த வீடுகள் ராவல்பிண்டியை நினைவுக்குக் கொண்டுவந்தன, நாவல் பிறந்தது. 1975-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது.

இத்தனை வேலைகளும் எழுத்தில் பதிந்திருக்கின்றன. நாவலின் கடைசியில் நிவாரணக் கமிட்டியில் ஒரு பாபு வருவார். அகதிகள் துயரத்தைச் சொல்லி அழும்போது, எத்தனை பேர், எத்தனை வீடு, கணக்கு மட்டும் சொல்லுங்கள் என்பார். நிவாரண வேலையை அருகிலிருந்து பார்க்காதவர் அந்தப் பாத்திரத்தை எழுதியிருக்க முடியாது.

நிஹலானி திரைக்கதையில் செய்த பெரிய மாற்றம், நாத்துவையும் மனைவி கர்மோவையும் கடைசிவரை கொண்டுபோனது. நாவலில் கதை பல திசைகளில் சிதறிப் போகும். அது நாவலுக்கு அழகு. வாரம் ஒருமுறை பார்க்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும். சாஹ்னியின் வேறு இரண்டு சிறுகதைகளிலிருந்தும் பாத்திரங்கள் சேர்க்கப்பட்டன. எழுத்தாளர் பக்கத்திலேயே இருந்ததால் இந்தத் தையல் வெளியே தெரியவில்லை.

பக்கத்தில் என்றால் செட்டிலேயே. ஹர்நாம் சிங் என்ற வயதான சீக்கியராக நடித்தது சாஹ்னியேதான், 70 வயதைத் தாண்டிய நிலையில். மனைவி பந்தோவாக தீனா பாடக், அவரும் இப்டாவில் வளர்ந்தவர். கடை கொள்ளை போனபின் இருவரும் இரவெல்லாம் நடந்து வேறொரு கிராமத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். திறக்கும் ராஜோ, சுரேகா சிக்ரி. தயங்கி உள்ளே விடுகிறாள், பரணில் ஒளித்துவைக்கிறாள். ஆண்கள் வீடு திரும்பும்போது ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள், கொள்ளையடித்தது. பூட்டை உடைக்க முயல்கிறார்கள். அது ஹர்நாம் சிங்கின் பெட்டி. உடைக்க வேண்டாம், சாவி என்னிடம் இருக்கிறது என்று அவரே மேலிருந்து நீட்டுகிறார்.

இந்தக் காட்சியில் சாஹ்னி எதையும் நடித்துக் காட்டுவதில்லை. கை நடுங்குவதாகக் காட்டிக்கொள்ளவில்லை, குரலை உடைக்கவில்லை. இப்டா தெருமுனைக்குப் பழகிய குழு, அங்கே குரல் ஓங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் இவர் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர், தாழ்ந்த குரலில் ஒரு அறையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர். அவருக்கு எதிரே, டெல்லி தேசிய நாடகப்பள்ளியில் படித்து அதன் ரெபர்ட்டரியில் (நிரந்தர நடிகர் குழுவில்) நீண்ட காலம் நடித்த சுரேகா சிக்ரி, முகத்தில் கோபத்தையும் இரக்கத்தையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார். இரண்டு பயிற்சிகள் மோதாமல் பொருந்தியது அபூர்வம். அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

மற்ற நடிகர்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாத்துவாக ஓம் பூரி, நாடகப்பள்ளி, பிறகு பூனா திரைப்பட இன்ஸ்டிட்யூட், நிஹலானியோடு ‘ஆக்ரோஷ்’, ‘அர்த் சத்யா’. பங்கஜ் கபூரும் நாடகப்பள்ளி. ஏ.கே. ஹங்கல் இப்டா. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டாக வந்த பாரி ஜான், டெல்லியில் நாடகம் இயக்கியவர்.

ஒளிபரப்பு தொடங்கியதும் வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். 1988 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றமும் தடை கேட்ட மனுவைத் தள்ளியது. துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுப் படத்தின் விளைவை, திடமான மனமுள்ள சராசரி மனிதரின் கண்ணால் எடைபோட வேண்டும் என்ற அளவுகோலை நீதிமன்றம் பின்பற்றியது. எழுதியவரும் இயக்கியவரும் பிரிவினையில் ஊர் இழந்தவர்கள் என்பது படத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய எவருக்கும் பலம் தந்திருக்கும்.

பட்டியல் போடும்போது எங்கே சறுக்கும்

இப்படியொரு ஆய்வை வேறு படத்துக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு ஒரு வரி, ஆறு கட்டம் போதும். பெயர், இந்தப் படத்தில் பொறுப்பு, எங்கே படித்தார், யாரிடம் உதவியாளர், முந்தைய 15 ஆண்டு வேலைகள் எல்லாத் துறையிலும், இந்தக் குழுவில் யாரோடு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறார். நான்காவது கட்டம்தான் நிரப்பக் கடினம், அதுதான் அதிகம் சொல்லும். உதவியாளர்களின் பெயர் பழைய படங்களில் முழுதாக வருவதில்லை.

ஆண்டுக் குழப்பம் நிச்சயம் வரும். ‘தமஸ்’ சில இடங்களில் 1987, சில இடங்களில் 1988. இரண்டுக்கும் காரணம் உண்டு. தேசிய விருதுகள் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டை வைத்துத் தரப்படுகின்றன. 1987 படங்களுக்கான 35-வது விருதுகளில் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது, இசை, துணை நடிகை என மூன்று இதற்கு வந்தன. ஒளிபரப்பானது 1988-ல். மூர்த்தியின் பால்கே விருதும் அப்படித்தான். 2008-க்கான விருது அறிவிக்கப்பட்டது 2010-ல். சான்றிதழ் ஆண்டு, ஒளிபரப்பு ஆண்டு இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

படத்தின் பிரதியிலேயே உள்ள டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்து எழுதுங்கள். தொடருக்கும் திரைப்படத்துக்கும் டைட்டில் வேறாக இருக்கலாம். நேர அளவும் வேறாக இருக்கும். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதைத் தாளின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இதே முறையை எடுக்கப்போகும் படத்துக்கும் திருப்பிப் போடலாம். 10 பேர் குழு என்றால் 45 ஜோடி வரும். எல்லா ஜோடியும் பழகியிருக்க வேண்டியதில்லை. இயக்குநரும் கேமராமேனும், இயக்குநரும் எடிட்டரும், எழுத்தாளரும் இயக்குநரும், இயக்குநரும் பணம் போடுபவரும், இயக்குநரும் முதன்மை நடிகரும், கேமராமேனும் கலை இயக்குநரும் என்று ஆறு ஜோடியைப் பாருங்கள். இதில் குறைந்தது மூன்று ஜோடியாவது ஏற்கெனவே ஒரு முழு வேலையை ஒன்றாக முடித்திருந்தால் படப்பிடிப்பு தாங்கும். ஒன்றுகூட இல்லையென்றால் முழுப் படத்துக்குப் போகுமுன் அதே ஆட்களை வைத்து 10 நிமிடப் படம் ஒன்றை முடித்துப் பாருங்கள். படப்பிடிப்போடு நிறுத்தாமல் எடிட், டப்பிங், மிக்ஸிங் வரை போக வேண்டும், ஏனென்றால் புதுக்குழுவில் பெரும்பாலான சண்டை வருவது எடிட் மேஜையில்தான்.